ஒரே மைக்

"இன்னையோட சரி. இனிமே அந்தப் பெரிய மனுஷனோட ஒரே மைக்ல நிக்க மாட்டேன். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

மாண்டலினுக்குச் சுருதி சேர்த்தபடியே டென்சில் சொன்னான். பிடில்காரர் ஹெர்ஷல் தன் பிடிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிக்கு நடுவில் தூது போயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆர்வில், டென்சில் சகோதரர்கள் என்றால் அமெரிக்காவின் கென்டக்கி மலைக்காரர்களுக்கு உயிர். புளூகிராஸ் என்னும் அந்த மலைப் பாட்டின் வழக்கப்படி ஒரே மைக்கின் முன்னால் முகத்துக்கு முகம் நெருங்கி நின்று, இரண்டு குரலை ஒரு குரலாக்கிவிடுவார்கள். மேடையை விட்டு இறங்கினால் பேச்சு கிடையாது.

எல்லாம் அம்மா செத்த அன்று வந்த வினை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவந்த அண்ணனை விட்டுவிட்டுத் தனியாகப் பாடப் போகிறேன் என்று நாஷ்வில்லுக்குப் போயிருந்த டென்சில் வந்து சேர்வதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அண்ணன்தான் கார் ஓட்டினார். பின்சீட்டிலிருந்து டென்சில், "கடைசி நேரத்துல அம்மா என்னைத் தேடினாளா?" என்று கேட்டான். ஆர்வில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே அண்ணன் தனக்குச் செத்துவிட்டதாகவும், பிழைப்புக்காகத்தான் மறுபடி கூடப் பாட வந்ததாகவும் சொல்வான் டென்சில்.

மேடையில் இன்னும் மோசம். பாடும்போது தம்பியின் வாயையே வெறித்துப் பார்ப்பார் ஆர்வில். எங்கே தப்பு விடுவான், பிடிக்கலாம் என்று காத்திருக்கும் வாத்தியார் மாதிரி. கிதாரை வேறு நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் தாடையைப் பதித்துக்கொள்வார். டென்சிலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைப்பா," என்று ஹெர்ஷல் ஏதோ சொல்ல வந்தார்.

"குற்றம் பாக்கறது நானா, அவரா?" என்று கேட்டுவிட்டு மேடையேறிவிட்டான்.

கடைசியாக, அம்மாவுக்குப் பிடித்த பாட்டு. பாதியில் டென்சிலுக்கு என்ன வீம்போ, அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். இப்போது எதை முறைப்பார், பார்க்கலாம்.

ஆர்வில் தடுமாறினார். தம்பி ஓர் அடி பாட, அவர் வேறோர் அடி பாடினார். டென்சில் முடித்த பிறகும் அவர் குரல் மட்டும் சுருதி தப்பித் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் முதலில் முழித்தது, பிறகு சிரித்தது. அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் அவர் நிறுத்தினார்.

கீழே இறங்கி வந்த டென்சிலுக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? யாரை யார் தாங்கிக்கிட்டு இருந்தாங்கன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

ஹெர்ஷல் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும். நீ பரிதாபப்பட்டுக் கூட நிக்கக் கூடாது, அதனால உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். சுரங்கத்து வெடிச் சத்தத்துல தேஞ்சுக்கிட்டே வந்த காது, உங்கம்மா சாகறதுக்கு முன்னாடியே சுத்தமா போயிடுச்சு. இத்தனை வருஷமும் கிதார் அதிர்வைத் தாடையில வாங்கி, அவன் உன் வாயைப் பாத்துத்தாண்டா பாடினான்."