ஐம்பது ஏக்கர் ரப்பர்

தங்கையனுக்கு மறுபடியும் ஐம்பது ஏக்கர் ரப்பர் தோட்டம் முளைத்துவிட்டது. சாப்பிடப் போகும் முன்புதான் ஜான்ரோஸ் அதை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால், குலசேகரம் பக்கத்தில் அதே ஐம்பது ஏக்கர், கூடவே திருவனந்தபுரத்தில் ஒரு மாடி வீடு.

"ஏட்டி பிரிஜா, இஞ்ச வந்து பாரு. இப்ப வீடும் கெட்டிட்டான்!"

பிரிஜா அவன் மனைவி. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிற நேரம் போக, யார் வேண்டுமானாலும் புகுந்து திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுகிறவள். ஜான்ரோஸ் தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கட்சிக்கு பிளக்ஸ் அடித்துக் கொடுப்பவனும் அவன்தான். அவனுக்குக் கட்சி என்றாலே தங்கையன் அண்ணாச்சிதான்.

தங்கையன் ஒருமுறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். இன்றுவரை வாடகை வீடு, அரசு பஸ். அவருக்கு இந்தத் தேர்தலிலாவது சீட்டு கிடைக்க வேண்டும் என்பதுதான் ஜான்ரோஸின் ஒரே ஆசை. வயசு அறுபத்தெட்டு, இதை விட்டால் இனி இல்லை.

அடுத்த வாரம் சென்னையில் நேர்காணல். இப்போதெல்லாம் ஆளை உள்ளே கூப்பிடும் முன் கம்ப்யூட்டரில் பேரைப் போட்டுப் பார்க்கிறார்களாம். அந்த நேரம் பார்த்துத்தான் பெயர் தெரியாத எவனோ ஒருவன், கலைக்களஞ்சியத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் புகுந்து 'ஏராளமாகச் சொத்து சேர்த்தவர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறான்.

"அவன் போடுவான், நீங்க அழிப்பிய. இதுக்கு ஒரு முடிவே இருக்காது," என்றாள் பிரிஜா. "ஆதாரம் எங்கன்னு அந்தக் கட்டுரைக்க உரையாடல் பக்கத்தில கேப்போம். கலைக்களஞ்சிய நிர்வாகி பாத்து முடிவு செய்யட்டும்."

"நல்லது. அப்பிடியே அவரு எலெக்சன்ல தோத்து டெபாசிட் போன வரியையும் எடுத்துரச் சொல்லு."

"அது எதுக்கு? டெபாசிட் போனது உள்ளதுதானே?"

"உள்ளதுதான். அத ஊரறியச் சொல்லணுமா?"

"ஊரே சேந்துதானே தோக்கடிச்சது?"

பிரிஜாவிடம் நியாயம் பேசி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

"நமக்குப் பிடிச்சத வைக்கவும் பிடிக்காதத வெட்டவும் இது என்ன ஒங்க பிளக்ஸ் போர்டா? பொய்ய எடுக்கணும், உள்ளத விடணும். வாடகை வீட்டுல இருக்காரு, பஸ்சுல போறாருன்னு பத்திரிகையில வந்துச்சுல்லா, அதையும் சேப்போம். நல்லதும் கெட்டதும் சரியா இருந்தாத்தான் நியாயம்."

அந்த நேரம் தங்கையனே போனில் வந்தார்.

"மக்கா, அந்தத் தோட்டம் இன்னும் கிடக்கா?"

"கிடக்கு அண்ணாச்சி. நீங்க வெசனப்படாண்டாம். பிரிஜா அதுக்கு வழி செய்யுதா. ரெண்டு மூணு நாளுல இருந்த இடம் தெரியாம ஆக்கிரலாம்."



"ஓ, பிரிஜாவா?" என்றார் தங்கையன். "அவளுக்கு எதுக்கு மக்கா பாடு? சின்ன விசயம்தானே, கிடந்துட்டுப் போவட்டும்."

ஜான்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா பிரிஜா? இந்த வேதனையிலயும் ஒனக்க சிரமத்தத்தான் நினைக்காரு."

பிரிஜா எழுதினாள். பெயர் தெரியாதவன் விடவில்லை. 'தோட்டம் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்' என்று பதில் போட்டான். 'ஊரில் எங்களுக்கும் வீடு இருக்கிறது, எங்களுக்குத் தெரியாது, சர்வே எண் கொடுங்கள்' என்று பிரிஜா கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

கனடாவில் இருந்த நிர்வாகி தோட்டத்தையும் மாடி வீட்டையும் நீக்கி, பெயர் தெரியாதவர்கள் கை வைக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். வாடகை வீடும் அரசு பஸ்சும் ஆதாரத்தோடு ஏறின. டெபாசிட் போனது போனபடியே இருந்தது. ஜான்ரோஸ் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு போய் அண்ணாச்சியைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டான்.

வேட்பாளர் பட்டியல் வந்தது. சீட்டு ஞானசிங்குக்கு. மூன்று பெட்ரோல் பங்க் உள்ளவர், கட்சியில் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. டிவியில் அந்தப் பெயரைக் கேட்டதும் ஜான்ரோஸ் ஸ்டுடியோவைத் திறந்து போட்டபடியே தங்கையன் வீட்டுக்கு ஓடினான்.

அவர் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், மஸ்கட்டிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய லேப்டாப் மூடிக் கிடந்தது.

"அங்க என்னதான் கேட்டாவ அண்ணாச்சி?"

"எலெக்சன் செலவுக்கு என்ன செய்வீங்கன்னாவ. நான் வாயத் தொறக்கதுக்குள்ள ஒருத்தன் கம்ப்யூட்டரப் பாத்து வாசிச்சான். வாடகை வீடு, பஸ்சுல போறவரு, எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்குன்னான். நடுவில இருந்த பெரிய தலைவரு எழும்பி நின்னு என்னக் கும்பிட்டாரு. உங்கள மாதிரி ஆளு கட்சிக்குப் பெருமைன்னாரு. அதோட முடிஞ்சு."

"அப்ப காசு உள்ளவனுக்குத்தான் சீட்டா?"

"பின்னே?"

ஜான்ரோஸுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எல்லாம் அந்தத் தோட்டத்த எழுதினவனால வந்த வினை. அவன் சும்மா கிடந்திருந்தா நாங்க அந்தப் பக்கத்தத் தொட்டே இருக்க மாட்டோம். அவன் மட்டும் எனக்க கையில கிடைக்கட்டும் அண்ணாச்சி!"

தங்கையன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது நான்தாம்லே."