செலவில்லாத கோடை

அந்த ஆள் இன்றும் வந்துவிட்டான். சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஒரு பை இல்லை, கூட ஒரு குழந்தை இல்லை. படகுத்துறைக் கோடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ரன்வெய்யின் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரன்வெய் பெண்ணை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஈபென் கண்ணு, லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டிக்கணும், சரியா? அம்மா பாத்துட்டே இருக்கேன்!" என்றாள், துறை முழுக்கக் கேட்கும்படி.

"ஏம்மா கத்துற? அவ உன் மடியிலதான இருக்கா" என்றான் மூத்தவன் ப்ராகே. நூல் நுனியில் துணி கிளிப்பைக் கட்டி, அதில் உடைத்த சிப்பியை மாட்டி, நண்டுக்காகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை மாதம், கோடை விடுமுறை. லார்விக் ஊரில் பாதிப்பேர் ஸ்பெயினுக்கோ மலைக் குடிலுக்கோ போயிருந்தார்கள். கணவன் விட்டுப் போய், வேலையும் போனபிறகு, ரன்வெய்யால் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்ததெல்லாம் காசு கேட்காத இடங்களுக்குத்தான். நூலகத்தில் கதை நேரம், காட்டில் நெருப்பு மூட்டி ரொட்டி சுடுவது, இல்லாவிட்டால் இந்தத் துறை. பிள்ளைகள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுகூட இரவல்தான்.

போன வாரம் ஈபென் அடம்பிடித்து அழுதபோது கீழ்வீட்டு யோருன் படியேறி வந்து கதவைத் தட்டினாள். "தினமும் இந்தக் கூப்பாடுதானா? வளக்க முடியலன்னா சொல்லிடு. குழந்தைகள் நல ஆபீஸுக்கு ஒரு போன் போட்டா, அவங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

மறுநாள் முதல் இந்த ஆள்.

நூலகத்தில் ஓரமாக நின்றான். ஈபென் பார்த்துவிட்டு வைத்த கரடிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். என்ன படிக்கிறார்கள் என்றுகூடவா அந்த ஆபீஸில் சோதிப்பார்கள்?

காட்டுக்குப் போனாள், அங்கேயும் வந்தான். இவர்கள் கிளம்பியதும், இவர்கள் மூட்டிய நெருப்பிடத்தில் குந்தி உட்கார்ந்து, விறகு அடுக்கியிருந்த விதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அன்றிரவு அவள் தூங்கவேயில்லை. ஒரு குற்றம் கண்டுபிடித்தால் போதுமே, இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விடுவார்களே!

"அம்மா, இன்னைக்கும் சிரிச்சுட்டே இருக்கணுமா?" என்று கேட்டான் ப்ராகே. "எனக்கு வாய் வலிக்குது."

"கொஞ்ச நேரம்தான்டா தங்கம். அந்த மாமா போற வரைக்கும்."

அப்போதுதான் ஈபென் மடியிலிருந்து நழுவி, பிடித்த நண்டுகளைப் போட்டிருந்த வாளிக்குள் கையை விட்டாள். நண்டு விரலைக் கவ்விக்கொண்டது. ஊரே அதிரும்படி ஒரு அலறல்.

"நீதான் கூட்டிட்டு வந்த! நீ கெட்ட அம்மா! கெட்ட அம்மா!"

"மெதுவா, கண்ணு. சத்தம் போடாத. ஐயோ, சத்தம் போடாதடி!" நண்டை உதறி எறிந்த ரன்வெய் பெண்ணின் விரலைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தாள். அந்த ஆள் எழுந்துவிட்டான். இவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான்.

பெண்ணை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டாள். "ப்ராகே, எந்திரி! ஓடு!" வாளி கவிழ்ந்து நண்டுகள் பலகையெங்கும் ஓடின. அவற்றை மிதிக்காமல் தாண்டப்போன பையன் ஈரப் பலகையில் வழுக்கி, துறை விளிம்பில் தடுமாறினான்.

அந்த ஆள் பாய்ந்து வந்து அவன் ஜாக்கெட்டைப் பற்றி இழுத்தான்.

"கைய எடு! எம்புள்ளையத் தொடாத!" என்று கத்தினாள். பெண்ணோடு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், நான் நல்லாத்தான் பாத்துக்கறேன். யோருன் சொன்னதெல்லாம் நம்பாதீங்க. கையில காசு இல்ல, அவ்வளவுதான். அதுக்காக எம்புள்ளைங்கள எடுத்துட்டுப் போயிடாதீங்க. உங்க கால்ல விழறேன்."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ப்ராகேயை அவள் பக்கத்தில் விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"யோருன்னா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் எந்த ஆபீஸ்லேர்ந்தும் வரல."

"அப்புறம் எதுக்கு எங்க பின்னாடியே சுத்துறீங்க?"

அவன் ஓடுகிற நண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈபென்கூட அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை எம்புள்ளைங்க ரெண்டு பேரும் எங்கூட இருக்க வராங்க. எங்கிட்டயும் காசு இல்ல. எங்க கூட்டிட்டுப் போறது, என்ன பண்ணி சிரிக்க வைக்கிறதுன்னு ஒண்ணுமே தெரியல. நூலகத்துல உங்களப் பாத்தேன். நீங்க போற இடமா பாத்துக் கத்துக்கலாம்னு வந்தேன். வாய் திறந்து கேக்க வெக்கமா இருந்துச்சு."

ரன்வெய்க்கு மூச்சு திரும்பியது. பயந்த பயத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. பெண்ணின் விரலை வாயருகே வைத்து ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இத முதல்லயே கேட்டிருக்கலாமே! புள்ளைங்க வரப்போகுதுன்னா சந்தோஷமா இல்ல இருக்கணும்? யார் கூட்டிட்டு வராங்க, அவங்க அம்மாவா?"

"இல்லீங்க" என்றான் அவன். "நீங்க பயந்தீங்களே, அந்த ஆபீஸ்காரங்க."