வளைவில் நின்றவள்

கேம் கடைக்காரியின் தங்கையைக் காரால் மோதிக் கொன்றவன், சாட்சி இல்லையென்று தப்பித்துவிட்டான். கடைக்காரிக்கு அவனைத் தெரியும். அவனுக்கு அவளைத் தெரியாது.

அவள் கடையில் ரேஸ் கேமுக்குக் காசு கட்டி ஒரு புதுப் பாதையை டவுன்லோடு செய்த அவன், மறுநாளே வந்து நின்றான்.

"அக்கா, அந்தப் பாதையில ஒரு வளைவுல யாரோ நிக்கிறாங்க. கண்ணு அங்கயே போகுது, தோத்துத் தொலையறேன். மசமசன்னு தெரியுது."

அந்த உருவம் எப்படி வந்ததென்று அவளுக்கும் தெரியாது. ஆனாலும் நெஞ்சு குளிர்ந்தது.

"உங்க கேம் மெஷின் பழசு தம்பி. புதுசு வாங்கிப் போடுங்க, பளிச்சுன்னு தெரியும்."

போட்டான். முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"சின்னப் பொண்ணுக்கா. ஒரு கால்ல செருப்பு இல்ல. அசையாம என்னையே பாக்குது."

தங்கை செத்த இடத்தில் கிடந்த அந்த ஒற்றைச் செருப்பு கடைக்காரியின் வீட்டு அலமாரியில் இருந்தது.

"படம் உறைஞ்சிருக்கும். இதைவிட வேகமான மெஷின் இருக்கு. அதுல எல்லாம் நல்லா நகரும்."

மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே வந்தான். "ஜெயிச்சுட்டேன்க்கா! வளைவு காலி. ஆளையே காணோம்!"

அவள் கடைக் கண்ணாடி வழியே பார்த்தாள். வாசலில் பூட்டிக் கிடந்த அவன் காரின் பின் சீட்டில் தங்கை உட்கார்ந்து, காலியான டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரிடமும் "போயிட்டு வாங்க" என்பவள், அவனிடம் "போங்க தம்பி" என்று மட்டும் சொன்னாள்.