திங்கட்கிழமை மணி

திங்கட்கிழமை விடிந்து வெயிலும் ஏறிவிட்டது. ராஜபாளையம் பருத்தி அரவை ஆலையின் வாசலில் பெண்கள் வெற்றிலை மென்றபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி வேலாண்டிக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"ஏட்டி இருளம்மா! ஒங்களுக்கெல்லாம் இது என்ன கல்யாண வீடா? எந்திரிங்கட்டி!"

"இன்னும் மணி அடிக்கலையே மேஸ்திரி. மணிக்கு முந்தி எவளும் உள்ள கால் வைக்கப்பிடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டிய?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவரே போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஊரே கேட்க மணி அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை.

"காது செவிடாப் போச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு" என்றாள் இருளம்மாள். "சனிக்கிழமை பஞ்சுத் தூசியில நான் மயங்கி விழுந்தேன்லா? எல்லாரும் செத்த முந்தி வீட்டுக்குப் போகட்டும்னு மணியடிச்சாரே மணிக்காரர் கருப்பணன், அவரைத்தான இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதன்னு வெரட்டிவிட்டிய? அவரு வந்து அடிக்கட்டும், எந்திரிக்கோம்."

வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"அதுவரைக்கும் நீங்களும் செத்த உக்காருங்க."