மூன்றாவது ரிங்

படகைக் கரைக்குத் திருப்பியதும் மிக்கேல் வீட்டுக்கு இரண்டு ரிங் விட்டுவிட்டு போனை வைத்துவிடுவார். மனைவி கித்தேரி அதை எடுக்க மாட்டாள், அடுப்பில் உலையேற்றுவாள். பதினாறு வருஷமாக அந்த வீட்டில் இதுதான் வழக்கம்.

செவ்வாய்க்கிழமையும் இரண்டு ரிங் வந்தது. உலை கொதித்தது. அவர் வரவில்லை. நான்காம் நாள் வெறும் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது.

கித்தேரி விசாரிக்கப் போன செல்போன் டவர் அலுவலக வாசலில், மாவட்டத்திலேயே சிக்கனமான டவர் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவங்கவங்க பழக்கத்துக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு கரண்டுதான் டவர் செலவழிக்கும்மா. உங்க வீட்டுக்கு ரெண்டு ரிங் போதும்னு அதுவே பழகி வெச்சிருக்கு. அதுக்கு மேல அனுப்பாது."

"அப்போ அன்னைக்கு அவிய ரெண்டோட வைக்கலையா?"

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.

"முப்பத்தொரு ரிங் விட்டிருக்காரும்மா. அதுக்கப்புறம் அவர் போனே இல்ல."

கித்தேரி தன் விரல்களைப் பார்த்தாள்.

"அந்நேரம் நான் கொழம்புக்குப் புளி கரைச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "வந்துருவாவன்னு."