ரெண்டு வாரத் தூக்கம்

"இதோ பாருங்க மேடம், பதினாலு நாளும் விடாம எழுதியாச்சு!"

நோட்ட மேஜை மேல வெச்சுட்டு, பரீட்சையில ஃபர்ஸ்ட் வந்தவன் கணக்கா நின்னான் மகன்.

பின்ன? பார்சல் ஆபீஸ்ல நாள் பூரா லிஸ்ட் போடுற கை. ஸ்கேல் வெச்சு கட்டம் கட்டியிருக்கான். எப்ப படுத்தாங்க, எப்ப முழிச்சாங்க, மொத்தம் எத்தனை மணி நேரம். தினம் காலையில அம்மாவ நிக்க வெச்சுக் கேட்டு எழுதினது.

அம்மா ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. கண்ணுக்குக் கீழ அப்படி ஒரு கருப்பு. போன மாசம் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே தூங்கி கையச் சுட்டுக்கிட்டாங்க. அப்பதான் அவன் புடிவாதமா இங்க இழுத்துட்டு வந்தான். ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்கன்னு டாக்டரம்மா அனுப்பினாங்க.

இன்னிக்கு மாத்திரை வாங்காம நகர்றதில்ல. அந்த முடிவோடதான் வந்திருக்கான்.

டாக்டரம்மா விரல வெச்சு ஒவ்வொரு கட்டமா இறங்கினாங்க. ரெண்டு மணி நேரம். ஒன்றரை. ரெண்டு. ஒன்னு.

விரல் நின்னுச்சு.

"புதனும் சனியும் மட்டும் ஏழு மணி நேரம் தூங்கியிருக்காங்களே? ரெண்டு வாரமும்?"

"அதுவா! அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி மேடம். ஆபீஸ்ல நாலு பேரோட விடிய விடிய அரட்டை. வீட்ல என் தொல்லை இல்லாம அம்மா ஜாலியா..."

சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சவன் பாதியில நிறுத்திட்டான்.

டாக்டரம்மா சீட்டுல எழுதப் போனாங்க. அம்மா எட்டி அந்தப் பேனாவயே புடிச்சுட்டாங்க.

"தூக்க மாத்திரை வேணாம்மா. வீட்ல வெக்க முடியாது."

சொல்லிட்டு அவன் பக்கம் திரும்பவே இல்ல.

போன வருஷம், ஆஸ்பத்திரியில மூணாவது நாள் அவன் கண்ணு முழிச்சப்ப மொதல்ல தெரிஞ்சது அம்மா மூஞ்சிதான். இனிமே இப்படிப் பண்ண மாட்டேம்மான்னு சத்தியம் பண்ணான். நம்புறேன்டான்னாங்க. அப்புறம் டாக்டர்கிட்ட காட்ட வாடான்னு ரெண்டு தடவ கூப்ட்டாங்க. எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்னு தட்டி விட்டான். அதோட அந்தப் பேச்ச ரெண்டு பேருமே எடுக்கல.

அவன் நோட்டையே பார்த்தான். அத்தனையும் அவன் கையெழுத்து.

"எந்திரிம்மா."

கிளம்புறோம்னு நெனச்சு அம்மா பையத் தோள்ல மாட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க.

அவன் அந்த ஸ்டூல்ல உக்காந்தான்.