கறுப்புக் கண்ணாடி கார்

கறுப்புக் கண்ணாடி போட்ட கார் வேண்டுமென்றால், வெயிலே ஆகாத நோயாளி ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தனபால் தன் மனைவி செவ்வந்தியின் பெயரில் பொய்ச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துப் போன வாரம்தான் காரை எடுத்தான். அந்தக் காரில் கரூர் கடைவீதிக்குப் போய் இறங்கினால் அது தனிக் கெத்து.

இன்று விடியும் முன்னே அவளுக்குப் பிரசவ வலி கண்டது. பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. முன்கதவு அவனுக்குத் திறந்தது. பின்கதவு திறக்கவில்லை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் இருந்த தடுப்பும் இறங்கவில்லை.

"வெளியே வெயில் இருக்கிறது. நோயாளி மாலை ஆறு இருபதுக்கு மேல் இறங்கலாம்," என்றது கார்.

"அவளுக்கு ஒரு நோயும் இல்ல. அந்த சர்டிபிகேட் பொய்."

"அதை டாக்டர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்."

டாக்டரம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். தார்ப்பாய் பிடித்து நிழல் போட்டார்கள்; கார் நம்பவில்லை. வாட்ச்மேன் கடப்பாரையால் அடித்தார், கீறல்கூட விழவில்லை.

"ஏனுங்க, தொறங்க," என்று செவ்வந்தி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்கு மேல் அந்தக் குரலும் நின்றுபோனது. தனபால் கண்ணாடியில் காதை வைத்தபடி நின்றான்.

பதினொன்றரைக்கு உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

"வாழ்த்துகள்," என்றது கார். "இது பரம்பரையாக வரும் நோய். குழந்தையையும் பதிவு செய்துவிட்டேன்."